ஒரு பழைய பாடத்துக்குத் திருத்தம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். நம் சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அதனால் தைரியமாகச் சிபாரிசு செய்கிறேன்.

என்னிடம் தமிழ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மொழியின் தொன்மை பற்றிய பாடம் வந்தால் நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதை சொல்வேன். கொரியாவில் ஆயிரக்கணக்கில் தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன, அங்கேயும் அப்பாவை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், நம் பக்கத்து இளவரசி ஒருத்தி கப்பலேறிப் போய் அந்த நாட்டுக்கு ராணியானாள் என்பேன். கடைசி பெஞ்சு உட்பட வகுப்பே கை தட்டும். இதை எங்கே படித்தீர்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

2021 தை மாதம் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வந்ததிலிருந்து அந்தப் பகுதியில் கொரியர்களும் கொரியச் சாப்பாட்டுக் கடைகளும் சகஜமாகிவிட்டன, உங்களுக்குத் தெரியும். இவனுடைய மேலாளரும் கொரியர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இவன் பெருமையாக நான் சொன்ன கதையைச் சொல்லியிருக்கிறான். அந்த மனிதர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “அப்படியா, ஒரு பத்துச் சொல் சொல்லுங்களேன்” என்றிருக்கிறார்.

“நாலுக்கு மேல வரலைங்கய்யா. மிச்ச ஆறு சொல்லுங்க, நாளைக்குப் போய்ச் சொல்லிடுறேன்” என்றான்.

எனக்கும் நாலுக்கு மேல் வரவில்லை. தேடிச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அந்த ஆறு சொல்லைத் தேடிப் போனதுதான் நான் கொரிய மொழி படித்த கதை.

ஊரடங்குக் காலத்தில் கொரிய நாடகங்களே கதி என்று இருந்த என் பேத்திதான் முதல் வாத்தியார். போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். காலையில் வைகைக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் படிப்பு. வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு.

எழுத்தில் ஆரம்பித்தேன். கொரிய எழுத்துக்கு ஹங்குல் என்று பெயர். உலக மொழிகளில் அபூர்வமாக, இன்னார் இன்ன ஆண்டில் உருவாக்கினார் என்று சொல்லக்கூடிய எழுத்து இது. அரசர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் நாட்டுக்கு அறிவித்தார். அதுவரை சீன எழுத்துதான். படித்த கனவான்களுக்கு மட்டுமே அது எட்டியது. ஏழைக் குடியானவன் தன் குறையை எழுதிக் கொடுக்க வழியில்லை என்பதே அரசரின் கவலை. சே மான்-ரி என்ற அரசவை அறிஞர், சீன எழுத்தை விட்டால் நாம் காட்டுமிராண்டிகள் ஆவோம் என்று 1444இல் மனு எழுதிக் கொடுத்து எதிர்த்தார். அன்று 28 எழுத்து, இன்று அடிப்படை எழுத்துகள் 24. புத்திசாலி ஒரு காலைப் பொழுதில் கற்றுவிடலாம், மந்தமானவனுக்கும் பத்து நாள் போதும் என்ற கருத்து அந்தக் காலத்து விளக்க நூலிலேயே இருக்கிறது. எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. நான் எந்த வகை என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

அந்த விளக்க நூலின் பிரதி ஒன்று 1940இல்தான் ஆண்டோங் பகுதியில் கிடைத்தது. மெய்யெழுத்துகளின் வடிவம் எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்கிறது. ககர எழுத்து, நாவின் அடி தொண்டையை அடைக்கும் வடிவம். நகர எழுத்து, நாநுனி மேலே தொடும் வடிவம். மகரம் வாய், சகரம் பல். தொல்காப்பியப் பிறப்பியலை முப்பது வருடம் நடத்தியவனுக்கு இதைப் படித்தால் எப்படி இருக்கும்? நெஞ்சு, தொண்டை, நாக்கு, இதழ், பல், மூக்கு, அண்ணம் என்று நாம் வரிசையாக ஒப்பிப்போமே. அது கொரியாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று உடனே பதிவு போடக் கை அரித்தது. பேத்தி தடுத்தாள். “தாத்தா, முதல்ல படிச்சு முடிங்க.” பிறகு தெரிந்துகொண்டேன். இந்தியாவின் ஒலியியல் அறிவு பௌத்தத்தோடு சீனாவுக்குப் போயிற்று. அங்கே வளர்ந்த ஒலி நூல்களைச் செஜோங்கின் அறிஞர்கள் கற்றிருந்தார்கள். உறவு என்று பார்த்தால் அந்தச் சுற்று வழிதான். தொல்காப்பியம் நேராகப் போனதற்குச் சான்று எதுவும் இல்லை.

ஆனால் ஒலியில் நமக்கு உண்மையான ஆதாயம் ஒன்று உண்டு. ‘காகம்’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் ககரம் வலிது, இரண்டாவது மெலிது. எழுத்து ஒன்றுதான். கொரியத்தில் இறைச்சிக்கு ‘கோகி’ என்பார்கள். அங்கேயும் ஒரே எழுத்து, அதே மாதிரி முதலில் வலித்து இடையில் மெலிகிறது. இந்திக்காரருக்கு இதை விளக்க இரண்டு எழுத்து வேண்டும், நமக்கு விளக்கமே வேண்டாம். அப்புறம் நம் குற்றியலுகரம்! ‘காசு’, ‘நாடு’ என்று பேசும்போது கடைசி உகரத்துக்கு உதடு குவியாதல்லவா? அந்த ஒலிக்கு ஹங்குலில் தனி எழுத்தே இருக்கிறது, படுக்கையாக ஒரு கோடு. அந்நியச் சொல்லின் முடிவில் அதைத்தான் ஒட்டுகிறார்கள். நாம் ‘கார்டு’ என்பது போலவே அவர்களும். உதடு குவியாத உகரத்தை ஆண்டுதோறும் தொண்டை வற்றச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதற்குப் படம் வரைந்த மாதிரி ஒரு கோட்டைப் பார்த்த அன்று ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இலக்கணத்துக்குள் போனதும் சந்தோஷம் இன்னும் கூடியது. வினை கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. ‘மொகோ போதா’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘சாப்பிட்டுப் பார்’. அங்கேயும் பார்ப்பது கண்ணால் இல்லை, சோதித்துப் பார்ப்பதுதான். ‘செய்து வை’ என்பதற்கு வைத்தல் என்ற வினையையே துணையாகச் சேர்க்கிறார்கள். ‘செய்து கொடு’ என்பதற்குக் கொடுத்தல். ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு இருத்தல். மழை அங்கேயும் ‘வருகிறது’. பார்த்ததும் முதல் விசாரிப்பு, சாப்பிட்டாச்சா என்பதுதான்.

இப்போது சொல்லுங்கள், இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நினைப்பது தப்பா? எனக்கு முன்னால் ஒருவர் அப்படி நினைத்து நூலே எழுதியிருக்கிறார். அவர் கதை நம்மில் பலருக்குத் தெரியாது.

பெயர் ஹோமர் ஹல்பர்ட். 1863இல் பிறந்த அமெரிக்கர். 1886இல் கொரிய அரசு தொடங்கிய பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். போன சில ஆண்டுகளிலேயே ஹங்குல் எழுத்தில் மட்டும் ஓர் உலக நிலநூலைப் பாடப்புத்தகமாக எழுதினார். கற்றவர்கள் தங்கள் சொந்த எழுத்தை இளக்காரமாகப் பார்த்த காலம் அது. 1905இல் சியோலில் ஒரு நூலை அச்சிட்டார்: கொரிய மொழியையும் இந்தியாவின் திராவிட மொழிகளையும் ஒப்பிடும் இலக்கணம். அவருக்கு முன்பே, 1874இல், டாலே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தம் கொரியத் திருச்சபை வரலாற்று நூலில் இந்த ஒற்றுமையைத் தொட்டுக் காட்டியிருந்தார். ஹல்பர்ட் அதை முழு நூலாக்கினார்.

அவருக்குத் தமிழ் கிடைத்தது கால்டுவெல்லிடமிருந்து. திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கணம் அந்தத் தூரத்துக்குப் போயிருக்கிறது. நம் ஊர் அரசஞ்சண்முகனார் (1868–1915) தொல்காப்பியப் பாயிரத்துக்கு விருத்தி எழுதிய காலமும் ஏறக்குறைய அதுதான். ஒருவர் மதுரையில் பாயிரத்தை வரி வரியாகப் பிரிக்கிறார். இன்னொருவர் சியோலில் தமிழ் வேற்றுமை உருபைக் கொரிய உருபோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். சண்முகனார் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வருகிறது.

1984இல் கிளிப்பிங்கர் என்ற ஆய்வாளர் நானூறுக்கும் மேற்பட்ட சொற்களை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்து அடுக்கினார். ஜப்பானில் சுசுமு ஓனோ, யாழ்ப்பாணத்து அறிஞர்கள் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரோடு சேர்ந்து தமிழையும் ஜப்பானியத்தையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டார். ஆக, நான் வகுப்பில் சொன்னது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. அறிஞர்கள் உழைத்த ஒரு கருத்துதான். ஆனால் மொழியியலாளரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஏன் என்பதைத்தான் நான் உங்களுக்குச் சொல்லித் தரவே இல்லை.

தமிழும் கன்னடமும் உறவு என்று எப்படித் தெரியும்? பால் – ஹாலு, புலி – ஹுலி, பத்து – ஹத்து, பல் – ஹல்லு, போ – ஹோகு. நம் சொல்லின் முதலில் பகரம் வந்தால் அங்கே ஹகரம் வருகிறது, சொல்லுக்குச் சொல், விதி மாதிரி. பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பது சான்று ஆகாது. மாறுவது ஒழுங்காக மாறுகிறதா என்பதே சான்று. அந்த ஒழுங்கை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி கொரியத்துக்கும் தமிழுக்கும் இடையே இதுவரை ஒருவராலும் காட்ட முடியவில்லை.

என் நாலு சொல்லுக்கு வருவோம். அப்பா, அம்மா இரண்டும் எடுபடாது. குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் இவை என்பதால் உலகம் முழுவதும் இப்படித்தான். ரோமன் யாகப்சன் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். ஜார்ஜியா நாட்டில் ‘மாமா’ என்றால் அப்பா, தெரியுமா? மூன்றாவது ‘வா’. கொரியத்திலும் ‘வா’ என்றால் வா தான். ஆனால் அங்கே வினையின் அடி ‘ஓ’. அதோடு ‘ஆ’ என்ற ஈறு சேர்ந்து ‘வா’ ஆகிறது. நம் வகரம் வேரிலேயே இருப்பது.

நாலாவது ‘புல்’. கொரியத்திலும் புல் என்றால் புல். இதுதான் என் துருப்புச்சீட்டு. பாடத்தில் ஒருநாள் நெருப்புக்கு ஒரு சொல் வந்தது. நோட்டில் தமிழில் எழுதினேன்: ‘புல்’. மாட்டுக் கொம்புக்கு ஒரு சொல் வந்தது. அதையும் எழுதினேன்: ‘புல்’. அவர்களுக்கு மூன்று வேறு வேறு பகரம் இருக்கிறது. ஒன்று மெலிது, ஒன்று மூச்சு சேர்ந்தது, ஒன்று இறுக்கியது. என் காதுக்கும் என் எழுத்துக்கும் மூன்றும் ஒன்று. போதாததற்கு ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய கொரிய நூல்களில் புல்லும் நெருப்பும் உகரத்தோடு இல்லை, நான் சொன்னேனே, அந்தப் படுக்கைக் கோட்டு ஒலியோடுதான் எழுதியிருக்கிறார்கள். உதட்டெழுத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் பின்னால் உதடு குவிந்துவிட்டது. ஆக, பட்டியல் தமிழ் எழுத்தில் இருக்கும் வரைக்கும்தான் அச்சு அசலாகப் பொருந்துகிறது. வாட்ஸப்பில் சுற்றும் பட்டியல்களை அந்த நோட்டை வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

எளிதில் கடன் வாங்காத சொற்களைப் பார்த்தேன். கண் அங்கே ‘நுன்’. கை ‘சோன்’. மூக்கு ‘கோ’. வாய் ‘இப்’. கால் ‘பல்’! எண்கள் ஹனா, துல், சேத், நேத். ஒன்று இரண்டு மூன்று நான்கோடு எதை ஒட்ட வைப்பது? ‘நேத்’துக்கும் நான்குக்கும் முதல் எழுத்து சேர்கிறதே என்று ஒருநாள் முழுக்க அதைப் பிடித்துத் தொங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போது அந்த இலக்கண ஒற்றுமை? அது பொய்யில்லை. ஆனால் வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகளில் உருபு பின்னால் வருவதே உலக வழக்கு. கிரீன்பெர்க் 1963இலேயே பல மொழிகளை அடுக்கிக் காட்டிவிட்டார். ஜப்பானியமும் ‘தின்று பார்’ என்றுதான் சொல்கிறது. ஒரே மாதிரித் திண்ணை வைத்துக் கட்டியதால் இரண்டு வீட்டுக்காரரும் பங்காளி என்று சொல்லிவிட முடியாது. வேற்றுமையும் உண்டு. நம் வினைமுற்று அவன், அவள், அவர் என்று காட்டிக்கொடுக்கும். கொரிய வினையில் திணை, பால், எண் எதுவும் இல்லை. நாம், நாங்கள் என்ற பிரிவும் இல்லை.

இளவரசி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் சான்று சுருக்கம். ஹோ ஹ்வாங்-ஓக் என்ற அரசி கி.பி. 48இல் ‘ஆயுதா’ என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்து கயா நாட்டு அரசர் சுரோவை மணந்தாள் என்கிறது ‘சம்குக் யூசா’. அதைத் தொகுத்தவர் 13ஆம் நூற்றாண்டுத் துறவி இர்யோன். நிகழ்ச்சிக்கும் ஏட்டுக்கும் நடுவே ஆயிரத்து இருநூறு ஆண்டு. ஆயுதா என்பது அயோத்தி என்று 2001இல் அங்கே நினைவிடம் கட்டினார்கள். அந்த நகருக்கு அந்தக் காலத்தில் சாகேதம் என்ற பெயரே வழக்கு. தாய்லாந்தின் அயூத்தயா என்றால், அந்த நகரம் நூல் எழுதிய பிறகு 14ஆம் நூற்றாண்டில் உண்டானது. நம்மவர்கள் குமரிப் பக்கத்து ஆய் நாடு என்கிறார்கள். பெயர் ஒலிப்பதைத் தவிர அதற்கு ஆதாரமாக நான் எதையும் பார்க்கவில்லை. ‘பாண்டிய நாட்டு இளவரசி’ என்பது வகுப்பில் நானாகச் சேர்த்துக்கொண்ட மசாலா. மன்னித்துவிடுங்கள்.

கதை எப்படியிருந்தாலும் அது அங்கே வாழ்க்கையில் இருக்கிறது. கிம்ஹே ஊர்க் கிம் குலத்தாரும் ஹோ குலத்தாரும் அந்த ஒரு தம்பதியின் வழி வந்தவர்கள் என்பதால் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை என்பது பழைய வழக்கம். எட்டாம் கை உறவு வரை கல்யாணம் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மாமன் மகளுக்கு முறைமாப்பிள்ளை சீர் கொண்டுபோகும் நம் ஊரில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

மறுபடி ஹல்பர்ட். என் மனம் மாறியது அவருடைய மீதிக் கதையால்தான். அவர் நூல் வந்த அதே 1905 நவம்பரில் ஜப்பான் ஓர் ஒப்பந்தத்தைத் திணித்துக் கொரியாவின் வெளியுறவு உரிமையைப் பறித்தது. அரசர் கோஜோங்கின் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஹல்பர்ட் வாஷிங்டன் போனார். ரூஸ்வெல்ட் அவரைப் பார்க்கவே இல்லை. 1907இல் ஹேக் மாநாட்டுக்கு அரசரின் தூதர்கள் போனபோதும் அவர்களுக்காக அலைந்தார். மாநாட்டுக் கதவு திறக்கவில்லை. கோஜோங் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். 1910இல் கொரியா ஜப்பானோடு சேர்க்கப்பட்டது. அதே 1910இல் கனசாவா ஷோசாபுரோ என்ற ஜப்பானிய அறிஞர் ஒரு நூல் வெளியிட்டார்: ஜப்பானியமும் கொரியமும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் ஒரே ரத்தம், ஒரே மொழி என்ற பேச்சு அங்கே ஆளுகிறவனுக்கு வசதியாகிவிட்டது. ஒன்றுதான் என்றால் இரண்டு எதற்கு? 1938க்குப் பிறகு பள்ளிகளிலிருந்து கொரிய மொழி வெளியே தள்ளப்பட்டது. 1940இல் ஜப்பானியப் பாணிப் பெயர் வைக்கச் சொன்னார்கள். 1942இல் கொரிய அகராதி தொகுத்துக்கொண்டிருந்த மொழிக் கழகத்தார் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்தார்கள். இரண்டு பேர் சிறையிலேயே இறந்தார்கள். பறிமுதலான கையெழுத்துப் பிரதி தொலைந்தே போயிற்று என்று நினைத்திருந்தார்கள். விடுதலைக்குப் பிறகு, 1945 செப்டம்பரில், சியோல் ரயில் நிலையச் சரக்குக் கிடங்கில் கிடைத்தது. 1947இல் முதல் தொகுதி அச்சாயிற்று. நம் சென்னைத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்தது. அதற்காக யாரும் சிறைக்குப் போகவில்லை. அந்த லெக்சிகன் என் அலமாரியில் பாதி தூசியோடு நிற்கிறது.

ஹல்பர்ட் 1949இல், எண்பத்தாறு வயதில், சுதந்திரக் கொரியாவின் அழைப்பை ஏற்றுச் சியோல் திரும்பினார். வந்த ஒரு வாரத்தில் இறந்தார். அங்கேயே யாங்வாஜின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். மொழி உறவு பற்றி அவர் சொன்னது நிற்கவில்லை. அந்த மக்களுக்கும் அவருக்கும் இருந்த உறவு நின்றுவிட்டது.

ஆகவே பிள்ளைகளே, கொரிய மொழியில் ஆயிரக்கணக்கான தமிழ்ச் சொற்கள் என்று உங்கள் பழைய நோட்டில் இருந்தால் அடித்துவிடுங்கள். இப்போது உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு இது வேண்டுகோள் இல்லை, கண்டிப்பு. பக்கத்தில் குற்றியலுகரத்தையும் ‘சாப்பிட்டுப் பார்’ என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த மாணவனுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். ஆறு சொல் கிடைக்கவில்லையப்பா, இருந்த நாலும் போய்விட்டது என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “பரவாயில்லைங்கய்யா, அந்தச் சாப்பிட்டுப் பார்க்கிறதைச் சொல்லிப் பார்க்கிறேன்” என்றான்.

சொல்லியிருக்கிறான். மேலாளர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, செய்து வை, செய்து கொடு எல்லாவற்றையும் அவனிடம் திருப்பித் திருப்பிக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டாராம். இப்போது தினமும் மதியம் ஒருவருக்கொருவர் பாடம் நடக்கிறது. அவர் ‘தமிழ்’ என்று சொல்லப் பழகுகிறார். கொரியத்தில் ழகரம் கிடையாது. மூன்று மாதமாகிறது, இன்னும் ‘தமில்’தானாம்.